முக்கால் டாக்டரும் ஒரு டெலிபோன் நம்பரும்

பணக்கார வீட்டுப் பிள்ளை ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாமல், யாரோடும் பேசாமல், அறைக்குள் முடங்கிக் கிடந்தால் டாக்டர் வருகிறார். வியாதிக்குப் பெயர் சொல்கிறார். மணிக்கு இத்தனை ரூபாய் என்று கட்டணம் பேசி, வாராவாரம் உட்கார வைத்துப் பேசுகிறார். அதே வயதுள்ள கூலிக்காரன் பிள்ளை அதே மாதிரி கிடந்தால்? "திமிர்" என்கிறார் வாத்தியார். "வேலைக் கள்ளன்" என்கிறார் மேஸ்திரி. "காத்துக் கருப்பு அண்டியிருக்கும்" என்கிறாள் பாட்டி. நாலாம் நாள் தகப்பன் விறகுக் கட்டையைத் தூக்குகிறான். வியாதி ஒன்றுதான், இருக்கிற இடத்தைப் பொறுத்து ஒன்றுக்கு வைத்தியம், மற்றொன்றுக்கு அடி!

"மன வியாதியெல்லாம் வேலை வெட்டி இல்லாதவர்களுக்கு வருவது, மண்வெட்டி பிடிக்கிறவனுக்கு ஏது மனக்கஷ்டம்?" என்று டீக்கடைகளில் நம்மவர்களே பேசுவதை நாம் கேட்கிறோம். இந்தப் பேச்சினால் யாருக்கு லாபம்? ஆஸ்பத்திரி கட்ட வேண்டிய சர்க்காருக்கு லாபம். பதினாறு வயதுப் பெண்ணை இரவு ஷிப்டுக்கு விரட்டும் மில் நிர்வாகிக்கு லாபம். நமக்கு நஷ்டத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை.

சர்க்காரின் சொந்தக் கணக்கையே எடுத்துக் கொள்வோம். பெங்களூர் நிம்ஹான்ஸ் ஸ்தாபனம் 2015-16ல் பன்னிரண்டு ராஜ்யங்களில் தேசிய மனநல சர்வே நடத்தியது. தமிழ்நாடும் அதில் ஒன்று. 13 வயது முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு 7.3 பேருக்குக் கவனிக்க வேண்டிய மனக்கோளாறு இருப்பதாக அது சொன்னது. தேசம் முழுவதும் கணக்கிட்டால் 98 லட்சம் பிள்ளைகள்! பெரியவர்களில், வியாதிக்குத் தக்கபடி, 70 முதல் 92 சதவீதம் பேர் வைத்தியமே இல்லாமல் இருப்பதாகவும் அதே சர்வே கண்டது. பெரியவர்கள் கதியே இது என்றால், வாய் திறந்து சொல்லத் தெரியாத பிள்ளைகளின் கதியை யோசித்துக் கொள்ளுங்கள்.

இன்னொரு கணக்கு. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வெளியிட்டது. 2022ல் இந்தியாவில் தற்கொலையால் மாண்டவர்கள் 1,70,924 பேர். அதில் மாணவர்கள் 13,044 பேர். நாளுக்கு 35 பேருக்கு மேல். அதே பட்டியலில் தினக்கூலிக்காரர்கள் நாலில் ஒரு பங்குக்கும் அதிகம்; 26.4 சதவீதம். பத்திரிகைக்காரர்கள் இந்த இரண்டு எண்களையும் இரண்டு தனித்தனிச் செய்திகளாகப் போடுகிறார்கள். நாம் இரண்டையும் சேர்த்துப் படிக்கிறோம். தகப்பன் கடனில் மூழ்கும் வீட்டில்தான் பிள்ளையும் மூச்சுத் திணறுகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

"திட்டம் இருக்கிறது" என்கிறார்கள் அதிகாரிகள். இருக்கிறது, மறுக்கவில்லை. தேசிய மனநலத் திட்டம் 1982ல் வந்தது. ஜில்லா மனநலத் திட்டம் 1996ல் வந்தது. இன்று 767 ஜில்லாக்களுக்கு அனுமதி வழங்கியாகி விட்டது என்று பார்லிமெண்டில் மார்தட்டுகிறார்கள். திட்டத்தின்படி ஜில்லாவுக்கு ஒரு மனநல டாக்டர், ஒரு உளவியல் நிபுணர், ஒரு சமூகப் பணியாளர், நர்சுகள், பதிவேடு எழுதச் சிலர்.

ஒரு ஜில்லாவில் 13 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் ஒரு லட்சம் பேர் என்று குறைத்தே வைத்துக் கொள்வோம். நூற்றுக்கு 7.3 என்றால் 7,300 பிள்ளைகள். அந்த ஒரு டாக்டர் நாளுக்கு இருபது பிள்ளைகளைப் பார்த்தால், எல்லோரையும் ஒரு தடவை பார்த்து முடிக்க 365 நாள் ஆகும். ஞாயிறு கிடையாது, பொங்கல் கிடையாது, தீபாவளி கிடையாது. அந்த வருஷம் முழுவதும் பெரியவர் ஒருவரைக் கூட அவர் பார்க்கக் கூடாது. அவருக்கே காய்ச்சல் வரக் கூடாது! இந்த வியாதிகளோ ஒரு தடவை பார்த்து ஊசி போட்டால் தீருகிற ரகம் அல்ல. பத்துத் தடவை, பதினைந்து தடவை பேச வேண்டியிருக்கும்.

லட்சம் ஜனங்களுக்கு மூன்று மனநல டாக்டர்களாவது வேண்டும், இருப்பதோ 0.75 என்று 2023ல் பார்லிமெண்டுக் கமிட்டியே எழுதியது. லட்சம் பேருக்கு முக்கால் டாக்டர்! அந்த முக்கால் டாக்டரும் பெரிய பட்டணத்தில், கார் நிற்க இடமுள்ள தெருவில் போர்டு மாட்டியிருக்கிறார். குழந்தைகளுக்கென்றே படித்தவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். விரல் விட்டு எண்ணலாம்.

பணம் எங்கே போகிறது? 2023-24 மத்திய பட்ஜெட்டில் மனநலத்துக்கென்று நேரடியாகக் காட்டிய தொகை சுமார் 919 கோடி. மொத்த சுகாதார பட்ஜெட்டில் நூற்றுக்கு ஒரு ரூபாய். அதிலும் சுமார் 721 கோடி நிம்ஹான்ஸ் ஒன்றுக்கே. அந்த ஸ்தாபனத்துக்குக் கொடுப்பதை நாம் ஆட்சேபிக்கவில்லை. நல்ல வேலை செய்கிற இடம். ஆனால் ராமநாதபுரத்து மிளகாய்க் காட்டில் வேலை செய்கிறவள் பிள்ளையைத் தூக்கிக் கொண்டு பெங்களூருக்கு ரயிலேற வேண்டுமா?

சட்டத்தைப் படித்தவர்கள் எத்தனை பேர்?

2017ல் மனநலப் பராமரிப்புச் சட்டம் நிறைவேறியது. இதைத் தொழிலாளிகள் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்துக் கொள்ள வேண்டும். ஏனென்றால் இதில் எழுதியிருப்பது தர்மம் அல்ல, உரிமை. 18வது பிரிவு சொல்கிறது: சர்க்கார் நடத்தும் அல்லது சர்க்கார் பணம் கொடுக்கும் இடங்களில் மனநல வைத்தியம் பெற ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. குழந்தைகளுக்கான மனநல சேவையும் அதே பிரிவில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இலவசம். குறைந்தபட்ச சேவை ஜில்லாவில் இல்லையென்றால், அதே ஜில்லாவில் வேறு இடத்தில் வைத்தியம் பார்த்துக் கொள்ளலாம். செலவை சர்க்கார் ஏற்க வேண்டும்!

சட்டம் வந்து இத்தனை வருஷத்தில் உங்கள் தாலுகாவில் யாராவது ஒரு கூலித் தொழிலாளி அந்தச் செலவுத் தொகையை சர்க்காரிடமிருந்து வாங்கியதாகக் கேள்விப்பட்டதுண்டா? விசாரித்துப் பாருங்கள்.

18 வயது நிரம்பாத பிள்ளைகளைப் பெரியவர்களோடு ஒரே இடத்தில் படுக்க வைக்கக் கூடாது என்கிறது 87வது பிரிவு. ஆஸ்பத்திரியில் இருக்கும் நாள் முழுவதும் பெற்றவரோ, அவர் ஏற்பாடு செய்யும் துணையோ கூடவே இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நியாயமான விதிதான். பிள்ளையை அந்நியர் நடுவே தனியே விடக் கூடாது. ஆனால் தாய் பத்து நாள் கூட இருந்தால் பத்து நாள் கூலி போயிற்று. மில்லில் பத்து நாள் ஆப்சென்ட் என்றால் வேலையே போயிற்று. சட்டம் எழுதியவர்கள் மாதச் சம்பளக்காரர்கள்; லீவு போட்டால் சம்பளம் வருகிறவர்கள். கூலி போகிற வீடு அவர்கள் கண்ணில் படவில்லை.

பிள்ளையைக் கோயிலுக்கும் தர்காவுக்கும் தூக்கிக் கொண்டு போகிற தாயைப் பார்த்துச் சிரிக்கிற படித்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவள் ஏன் போகிறாள்? அங்கேதான் டோக்கன் கேட்பதில்லை. திண்ணையில் படுத்துக் கொள்ளலாம். பேசுவதற்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6ந் தேதி, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் கொட்டகைத் தீயில் கருகி 28 பேர் மாண்டார்கள். தேசமே அதிர்ந்தது. சங்கிலி கூடாது என்று சட்டம் வந்தது. சரி, சங்கிலிக்குப் பதில் என்ன? அதைத்தான் கேட்கிறோம்.

டெலிபோன் வைத்தியம்

2022 அக்டோபர் 10ந் தேதி 'டெலி-மானஸ்' என்ற டெலிபோன் சேவையை மத்திய சர்க்கார் ஆரம்பித்தது. நம்பர் 14416. இரவும் பகலும் பேசலாம், காசு கிடையாது. இதை எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டி வையுங்கள் என்று நாமே சொல்கிறோம். நடு ராத்திரியில் பிள்ளை "எனக்கு உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை" என்று சொன்னால், அடிக்காதீர்கள், திட்டாதீர்கள், தனியே விடாதீர்கள். அந்த நம்பரைக் கூப்பிடுங்கள். பிள்ளைக்கு யாராலாவது கொடுமை என்றால் 1098.

ஆனால் டெலிபோனே ஆஸ்பத்திரி ஆகிவிடுமா? டெலிபோனில் பேசுகிறவர் கடைசியில் "பக்கத்து ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்" என்று சொல்ல வேண்டிய கட்டம் வருகிறது. பக்கத்து ஆஸ்பத்திரியில் யார் இருக்கிறார்கள்? வாரத்தில் ஒரு நாள் வருகிற டாக்டர், காலை வேளையில் மட்டும். அந்த வேளை நம் பெண்கள் நாற்று நட்டுக் கொண்டிருக்கிறார்கள். ஸ்பின்னிங்கில் நூல் இணைத்துக் கொண்டிருக்கிறார்கள். போனில் கிடைத்த தைரியம் அத்தோடு நின்றுவிடுகிறது.

தமிழ்நாட்டில் நீட் பரீட்சை அமுலான 2017 முதல், முடிவு வருகிற வாரங்களில் பத்திரிகையைப் பிரிக்கவே கை நடுங்குகிறது. 2021ல் ராஜ்ய சர்க்கார் பரீட்சை எழுதிய பிள்ளைகளை 104 சேவை மூலம் தாமே கூப்பிட்டுப் பேச ஏற்பாடு செய்தது. நல்ல காரியம். ஆனால் பரீட்சை எழுதாத பிள்ளை, பத்தாவதிலேயே நின்று செங்கல் சூளைக்குப் போன பிள்ளை, எந்தப் பட்டியலிலும் இல்லாத பிள்ளை? அவனை யார் கூப்பிடுவது?

வாத்தியார் தலையில் இன்னொரு மூட்டை

சர்க்காருக்கு எப்போதும் ஒரு சுலபமான வழி உண்டு: வாத்தியார் தலையில் கட்டு! ஜனத்தொகைக் கணக்கா, வாத்தியார். வாக்காளர் பட்டியலா, வாத்தியார். இப்போது பிள்ளைகளின் மனநலமும் வாத்தியார். பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களைச் 'சுகாதாரத் தூதுவர்கள்' என்று பெயரிட்டு, சில நாள் பயிற்சி கொடுத்து அனுப்பி விட்டால் மனநலமும் அவர்கள் பாடத்தில் ஒன்றாகி விடுகிறது!

இது பலிக்குமா? பலிக்காது என்பதற்கு அத்தாட்சி இருக்கிறது. பீகாரில் நாளந்தா ஜில்லாவில் எழுபதுக்கும் மேற்பட்ட சர்க்கார் உயர்நிலைப் பள்ளிகளில் சோதித்துப் பார்த்தார்கள். சில பள்ளிகளில், உள்ளூரிலிருந்தே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த ஆலோசகர் ஒருவரை அந்த வேலைக்கென்றே அமர்த்தினார்கள். அவர் டாக்டரும் அல்ல, நிபுணரும் அல்ல. வேறு சில பள்ளிகளில் அதே வேலையை ஆசிரியரிடம் கூடுதலாக ஒப்படைத்தார்கள். 2018ல் முடிவு வெளிவந்தது. தனி ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பிள்ளைகளின் மனச்சோர்வு குறைந்தது, ஒருவரை ஒருவர் வதைப்பது குறைந்தது, அடிதடி குறைந்தது. ஆசிரியரிடம் ஒப்படைத்த பள்ளிகளில் சொல்லிக் கொள்ளும்படி எந்த மாறுதலும் இல்லை. இது ஆசிரியரின் குற்றம் அல்ல. அறுபது பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி, நோட்டு திருத்தி, மார்க்குப் பதிவு செய்கிறவர் எப்போது ஒரு பிள்ளையோடு தனியே உட்கார்ந்து பேசுவார்? அதோடு பிரம்பும் மார்க்கும் கையில் உள்ளவரிடம் பிள்ளை மனதைத் திறக்குமா?

நம் நாட்டிலேயே, அதுவும் பீகார் போன்ற ஏழை ராஜ்யத்தில் கிடைத்த பாடம் இது. ஆனால் ஆலோசகருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், ஆசிரியருக்குக் கூடுதலாக எதுவும் கொடுக்க வேண்டாம். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

சுப்ரீம் கோர்ட் 2025 ஜூலையில், 100 மாணவர்களும் அதற்கு மேலும் உள்ள கல்வி நிலையங்கள் ஒரு ஆலோசகரையோ உளவியலாளரையோ நியமிக்க வேண்டும் என்றும், அதற்குக் குறைவாக உள்ளவை வெளியே உள்ள நிபுணர்களோடு தொடர்பு வைத்துக் கொள்ள வேண்டும் என்றும் உத்தரவிட்டது. வரவேற்கிறோம். ஆனால் காலனிப் பிள்ளைகள் படிக்கிற ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் நாற்பது பிள்ளை, ஐம்பது பிள்ளை. அந்தப் பள்ளி எந்த நிபுணரோடு தொடர்பு வைத்துக் கொள்ளும்? பஸ்ஸே இரண்டு வேளைதான் வருகிறது!

எல்லாம் வியாதி அல்ல

ஒரு விஷயத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பசித்த பிள்ளைக்குச் சோறுதான் மருந்து. "மூச்சை இழுத்து விடு, மனம் அமைதியாகும்" என்று சொல்வது கேலிக்கூத்து. வீட்டு வாசலில் வந்து தவணை கேட்டுத் தாயை அவமானப்படுத்தும் சிறு கடன் கம்பெனி ஏஜெண்டைப் பார்த்துப் பயந்து ஒரு பெண் குழந்தை படுக்கையை நனைக்கிறதென்றால், மாத்திரை கொடுப்பதோடு நின்றால் போதாது. ஏஜெண்டை நிறுத்த வேண்டும். சாராயக் கடைக்கும் இந்தக் கணக்கில் பங்கு உண்டு. சர்க்காரே கடை நடத்தி, சர்க்காரே ஆலோசனை சொல்கிறது!

சாதியைச் சொல்லாமல் தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் மனதைப் பற்றிப் பேசுகிறவன் பொய் பேசுகிறான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு பிளஸ் டூ மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து அரிவாளால் வெட்டியவர்கள் யார்? கூடப் படித்த பையன்கள். வெட்டுப்பட்ட பிள்ளைக்கு ராத்திரி தூக்கம் எப்படி வரும்? அரிவாளை அந்தப் பையன்கள் கையில் கொடுத்தது எது? நீதிபதி சந்துரு கமிட்டி 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதிக் கயிறு கூடாது என்பது முதல் பள்ளிகளில் மாணவர் நல அதிகாரி வேண்டும் என்பது வரை அதில் உண்டு. அறிக்கைகள் அலமாரியில் தூங்குவது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. இதையும் தூங்க விடக் கூடாது.

ஆனால் இதையே காரணமாக வைத்து, "சமூகம் மாறட்டும், அப்புறம் வைத்தியம் பார்க்கலாம்" என்று பேசுகிற நண்பர்களோடும் நமக்கு உடன்பாடு இல்லை. கால் முறிந்தவனுக்குக் கட்டுப் போடாமல், ரோடு போட்ட காண்டிராக்டரைப் பற்றி மட்டும் பேசிக் கொண்டிருப்போமா? இரண்டும் செய்ய வேண்டும். இந்த வியாதிகளில் பாதிக்குப் பாதி 14 வயதுக்குள் தலைகாட்டி விடுகிறது என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. அந்த வயதில் கவனித்தால் தேறுகிற பிள்ளையை, கவனிக்காமல் விட்டு முப்பது வயதில் சங்கிலியில் பார்க்கிறோம்.

மில் காம்பவுண்டுக்குள்

பள்ளியைப் பற்றியே பேசினால் பாதிக் கதைதான். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் ஜில்லாக்களின் நூல் மில்களில், மூன்று வருஷம் இருந்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று ஆசை காட்டி, வானம் பார்த்த ஜில்லாக்களிலிருந்து இளம் பெண்களைக் கொண்டு வந்து ஹாஸ்டலில் அடைத்ததை நாடறியும். 'சுமங்கலி' என்று மங்களகரமான பெயர் வேறு! இன்று பெயர்கள் மாறின. ஹாஸ்டலும் உயர்ந்த மதில் சுவரும் அப்படியே இருக்கின்றன. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் பெண்கள் வருகிறார்கள். வார்டனின் அனுமதி இல்லாமல் வெளியே போக முடியாது. பல இடங்களில் போன் பேசுவதற்கும் நேரம் வைத்திருக்கிறார்கள். பஞ்சுத் தூசி, மெஷின் இரைச்சல், தலைகீழாகப் புரளும் ஷிப்டு. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு பெண் திடீரென்று மயங்கி விழுந்தால், காரணமில்லாமல் அழுதால், "நடிக்கிறாள்" என்று ஊருக்கு பஸ் ஏற்றி விடுகிறார்கள். அவளுடைய வியாதி கணக்கில் வருவதில்லை. வேலையை விட்டு நின்றவள் என்று மட்டும் பதிவாகிறது.

இவளுக்கு 14416 எப்படி உதவும்? போன் வார்டன் மேஜையில் இருக்கிறது!

ஆகவே மில் ஹாஸ்டல்களை மதில் சுவருக்கு வெளியே உள்ள ஆட்கள் பார்வையிட வேண்டும். ஜில்லா மனநலக் குழுவின் பெண் பணியாளர் ஒருவர் மாதம் தவறாமல் போய், நிர்வாகத்தின் ஆள் யாரும் பக்கத்தில் இல்லாமல், அந்தப் பெண்களோடு அவர்கள் பாஷையில் பேச வேண்டும்.

ஈ.எஸ்.ஐ. விஷயம் இருக்கிறது. 2019 ஜூலை முதல் நம் கூலியில் 0.75 சதவீதமும் முதலாளி பங்காக 3.25 சதவீதமும் அதற்குப் போகிறது. முதலாளி பங்கு என்பதும் நம் உழைப்பில் விளைந்ததுதான்; அது இருக்கட்டும். அந்த இன்ஷூரன்சில் நம் பிள்ளைகளுக்கும் வைத்திய உரிமை உண்டு. உங்கள் ஊர் டிஸ்பென்சரியில் போய்க் கேளுங்கள்: பிள்ளைகளோடு பேச ஒரு ஆலோசகர் எந்தக் கிழமை உட்காருகிறார்? சாயந்தரம் ஷிப்டு முடிந்து வந்தால் பார்க்கலாமா? பதிலை எழுதி வாங்கிக் கொள்ளுங்கள்.

முடியாத காரியமா?

"டாக்டர் இல்லையே, என்ன செய்வது?" என்று மந்திரிகள் கைவிரிக்கலாம். ஜிம்பாப்வேயைப் பாருங்கள். 2005ல் அந்த நாட்டு சர்க்கார் பட்டணத்துக் குடிசைகளை இடித்துத் தள்ளி லட்சக்கணக்கான ஏழைகளைத் தெருவில் நிறுத்தியது. நாட்டில் மனநல டாக்டர்களோ சொற்பம். டிக்சன் சிபாண்டா என்ற டாக்டர் 2006ல், ஹராரே நகரத்தின் ஏழைப் பேட்டையான எம்பாரேயில், சுகாதார வேலை செய்து வந்த பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மரப் பெஞ்சில் உட்கார வைத்தார். ஜனங்கள் வந்து பேசினார்கள். தேறினார்கள். முறைப்படி சோதித்தும் இது 2016ல் நிரூபணமாயிற்று. அது பெரியவர்களுக்காக ஆரம்பித்தது. பிள்ளைகளுக்கு வேறு பயிற்சி வேண்டும். ஆனால் பெஞ்சில் உட்கார்ந்து காது கொடுக்க டாக்டர் பட்டம் வேண்டாம் என்பது ருசுவாகி விட்டது.

பிரேசிலில் 1978ல் ஆஸ்பத்திரித் தொழிலாளிகளே இயக்கம் கட்டி, "பைத்தியக்கார விடுதிகளை மூடு, ஊருக்குள் மையம் திற" என்று போராடினார்கள். 2001ல் சட்டம் வந்தது. 2002 முதல் பிள்ளைகளுக்கென்றே தனி மையங்கள் சர்க்கார் செலவில் எழுந்தன. அந்த இருபத்து மூன்று வருஷமும் அவர்கள் சும்மா இருக்கவில்லை.

இங்கேயும் ஆள் இல்லாமலா போயிற்று? 2021ல் 'இல்லம் தேடிக் கல்வி' என்று ஆரம்பித்தார்கள். தெருத் தெருவாக நம் பெண்கள் பாடம் நடத்தினார்கள். அதே வருஷம் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தது. ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அந்தப் பெண்களில் பிள்ளைகளோடு நன்றாகப் பழகுகிறவர்களைத் தேர்ந்தெடுத்து, ஆறு மாதம் முறையாகப் பயிற்சி கொடுங்கள். ஊராட்சி ஒன்றியத்துக்கு நாலு பேர் என்று நியமியுங்கள். ஊக்கத்தொகை என்று பிச்சை போடாமல் மாதச் சம்பளம் கொடுங்கள். அவர்களுக்கு மேலே தாலுகா ஆஸ்பத்திரியில் உளவியலாளர். அவருக்கு மேலே ஜில்லாவில் டாக்டர். பெஞ்சு சாயந்தரமும் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்க வேண்டும். பிள்ளையை அழைத்து வருகிற தாய்க்கோ தகப்பனுக்கோ அன்றைய கூலி கிடைக்க வேண்டும். வலிப்பு வியாதிக்கும் மனச்சோர்வுக்கும் உரிய மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் "ஸ்டாக் இல்லை" என்ற பதில் இல்லாமல் கிடைக்க வேண்டும்.

இதைக் கேட்க மெட்ராஸுக்குப் போக வேண்டியதில்லை. குடியரசு தினத்திலும், மே தினத்திலும், சுதந்திர தினத்திலும், காந்தி ஜயந்தியிலும் கிராம சபை கூடுகிறது. கூட்டத்துக்கு முன்பே நம் தெருவில் எத்தனை பிள்ளைகள் பள்ளியை விட்டு நின்றன, எத்தனை பிள்ளைகள் வேலைக்குப் போயின என்று கணக்கெடுங்கள். எந்தப் பிள்ளையின் பெயரையும் வியாதியையும் சபையில் சொல்லாதீர்கள், எண்ணிக்கை போதும். 2017 சட்டத்தின் 18வது பிரிவைச் சொல்லி, ஆலோசகர் நியமனமும் வைத்தியச் செலவும் கேட்டுத் தீர்மானம் கொண்டு வாருங்கள். தலைவர் "அப்புறம் பார்க்கலாம்" என்பார். தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகுதான் கையெழுத்துப் போடுவோம் என்று சொல்லுங்கள். நகல் ஒன்று ஜில்லா கலெக்டருக்கு, ஒன்று சுகாதார இணை இயக்குநருக்கு. மில் தொழிலாளிகள் ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குத் தனி மனு கொடுக்க வேண்டும். மனுவைக் கொடுத்த கையோடு நகலில் தேதி முத்திரை வாங்கிக் கொள்ளுங்கள். முத்திரை இல்லாத காகிதத்துக்கு "வரவில்லை" என்று பதில் எழுத எந்த குமாஸ்தாவுக்கும் கை கூசாது.